செல்லாது என்று சொன்ன துறைமுகம்

மாநில உரிமை என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். 1974இல் தமிழக சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியதைப் பற்றி அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேசாத கோடை விடுமுறை இல்லை. அதனால், ஒரு மாநிலம் மத்திய அரசின் சட்டத்தைப் பார்த்து "இது எங்கள் எல்லைக்குள் செல்லாது" என்று அறிவித்த கதையை அமெரிக்க வரலாற்றில் முதன்முதலாகப் படித்தபோது, என் மனம் தானாகவே மாநிலத்தின் பக்கம் சாய்ந்தது. சென்ற மாதம் சார்லட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நானும் மகளும் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குக் கிளம்பியதற்கு அந்தப் பழைய சாய்வுதான் காரணம்.

பிராட் தெரு கிழக்கே போய் முட்டுகிற இடத்தில் வணிகத்துக்கும் சுங்கத்துக்கும் கட்டிய பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடம் நிற்கிறது. 1771இல் கட்டி முடிக்கப்பட்டது. அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தைத் தென் கரோலினா 1788இல் ஏற்றுக்கொண்டது இதற்குள்தான். ஏற்றுக்கொண்டு நாற்பத்து நான்கு ஆண்டுகளில் சண்டை முற்றிவிட்டது.

சண்டை இறக்குமதி வரியைப் பற்றியது. வடக்கில் இருந்த ஆலைகளைக் காப்பாற்ற 1828இல் வரியைக் கடுமையாக ஏற்றினார்கள். இங்கிலாந்துக்குப் பருத்தி விற்று, அங்கிருந்து சாமான் வாங்கிய தெற்குக்கு அது இரண்டு பக்கமும் அடி. அப்போது நாட்டின் துணை ஜனாதிபதியாக இருந்த ஜான் கல்ஹூன், தன் பெயரைப் போடாமல் ஒரு நீண்ட அறிக்கை எழுதிக் கொடுத்தார்: மாநிலங்கள் சேர்ந்து உண்டாக்கியதுதான் மத்திய அரசு, அது வரம்பு மீறினால் அதன் சட்டத்தைச் செல்லாததாக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. 1832 நவம்பர் 24 அன்று மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் கூடிய மாநில மாநாடு, 1828, 1832 வரிச் சட்டங்கள் இரண்டும் செல்லாது, 1833 பிப்ரவரி 1 முதல் இங்கே வசூல் கூடாது என்று தீர்மானித்தது. படையை ஏவினால் ஒன்றியத்தை விட்டே விலகுவோம் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது.

ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் மசியவில்லை. டிசம்பர் 10 அன்று பதில் பிரகடனம் வெளியிட்டார். துறைமுகக் கோட்டைகளைப் பலப்படுத்தினார். கடைசியில் செனட்டர் ஹென்றி கிளேயின் முயற்சியில் வரியைப் படிப்படியாகக் குறைக்கும் சட்டமும், படையைப் பயன்படுத்த அனுமதிக்கும் சட்டமும் 1833 மார்ச் 2 அன்று ஒரே நாளில் கையெழுத்தாயின. மாநாடு மறுபடி கூடித் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. பெற்ற கையோடு, படைச் சட்டம் செல்லாது என்று இன்னொரு தீர்மானம் போட்டுவிட்டுக் கலைந்தது.

இதுவரை எனக்குத் தெரிந்த கதை. எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் வடக்குப் பக்கம் திரும்பியபோது தெரியாத கதை வந்தது. அந்த இடத்தில்தான் மனிதர்களைத் திறந்தவெளியில் ஏலம் விட்டிருக்கிறார்கள். 1856இல் நகராட்சி தெருவில் ஏலம் விடக்கூடாது என்று தடுத்த பிறகு, வியாபாரம் இரண்டு தெரு தள்ளி உள்ளே போனது. சால்மர்ஸ் தெருவில் உருண்டைக் கற்கள் பாவிய பாதையில் கால் பிசகிப் பிசகி நடந்து அந்த ஏலக் கூடத்துக்குப் போனோம். இப்போது அது அருங்காட்சியகம்.

வெளியே வந்து நடக்கும்போது ஒரு பழைய மதில் அருகே மகள் நின்றுவிட்டாள். "அப்பா, இந்தச் செங்கல்லில் யாரோ விரலை வைத்திருக்கிறார்கள்." சூளைக்குப் போகும் முன், ஈரம் காயாத கல்லைத் தூக்கியவரின் மூன்று விரல் பதிவு. இந்த ஊரின் செங்கற்களை அடிமைகள்தான் அறுத்தார்கள். குழந்தைகளும் அந்த வேலையில் இருந்தார்கள். பன்னிரண்டு வயதான என் மகளின் விரல் அந்தப் பள்ளங்களுக்குச் சற்றுப் பெரிதாகவே இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து படித்தேன். 1830இல் கல்ஹூனே ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வரி வெறும் சந்தர்ப்பம்தான், உண்மையான காரணம் அல்ல என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் அஞ்சியது தெற்கின் அடிமை முறைக்கு என்ன ஆகுமோ என்பதற்காக. அந்த அச்சம் 1832இல் பிறந்ததும் அல்ல. 1822இல் டென்மார்க் வீசி என்ற விடுதலை பெற்ற தச்சர் ஒரு கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: இந்தத் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் சுதந்திரமான கறுப்பு மாலுமி இருந்தால், கப்பல் கிளம்பும்வரை அவர் சிறையில் இருக்க வேண்டும். அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று மத்திய நீதிபதி வில்லியம் ஜான்சன் மறு ஆண்டே சொன்னார். மாநிலம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீர்மானம் எதுவும் போடாமலே நடந்த முதல் "செல்லாது" அது.

அந்த நாளில் தென் கரோலினாவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அடிமைகள். கொலம்பியா மாநாட்டில் "மாநிலம் சொல்கிறது" என்று சொன்னபோது, அந்த மாநிலத்தில் அவர்கள் சேர்த்தி இல்லை. அப்பாவோடு திண்ணையில் பேசிய நாட்களில் இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை: மாநிலம் என்றால் அதற்குள் யார் யார்?

இதனால் கோட்பாடே கெட்டது என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. வடக்கே விஸ்கான்சினில் இதே வாதத்தை நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள். மிசௌரியிலிருந்து தப்பி வந்து ரசீன் ஊரருகே மர அறுவை ஆலையில் வேலை பார்த்த ஜோஷுவா குளோவரை, 1854 மார்ச்சில் பிடித்து மில்வாக்கி சிறையில் அடைத்தார்கள். ஊரே திரண்டு கதவை உடைத்து அவரை மீட்டது; அவர் கனடா போய்ச் சேர்ந்தார். அதில் கைதான பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத்தின் வழக்கில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் மத்திய சட்டம் செல்லாது என்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1859இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. சட்டப்படி விஸ்கான்சின் தோற்றது. ஆனால் அந்தத் தோல்வியைப் படிக்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. சார்ல்ஸ்டன் கதையில் அந்தப் பெருமை வரவே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. செயின்ட் பிலிப் தேவாலயத்தின் எதிர்ப்புறக் கல்லறைத் தோட்டத்தில் கல்ஹூனின் பெரிய கல்லறையைப் பார்த்துவிட்டு மேரியன் சதுக்கத்துக்குப் போனோம். அங்கே நூறு அடிக்கும் மேல் உயர்ந்த தூணில் நின்றிருந்த அவர் சிலையை 2020 ஜூனில் இறக்கிவிட்டார்கள். நாங்கள் போனபோது சதுக்கத்தில் சந்தை. ஒரு பெரிய பாத்திரத்திலிருந்து ஆவி பறக்க அள்ளிக் கொடுத்தார்கள், தோலோடு உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை. எங்கள் ஊர் பஸ் நிலையத்து வாசனை அப்படியே வந்தது. மகள் பொட்டலத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

சதுக்கத்தை ஒட்டிய தெருவுக்கு இன்றும் கல்ஹூன் பெயர்தான். அதே தெருவில் இமானுவேல் தேவாலயம் இருக்கிறது. வீசி இருந்த சபையின் வழி வந்தது. அவரைத் தூக்கிலிட்ட ஆண்டு பழைய ஆலயத்தை இடித்துப் போட்டார்கள். 2015 ஜூன் 17 அன்று, வேத வாசிப்புக்குக் கூடியிருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றதும் இங்கேதான். வெள்ளைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். உள்ளே யாரோ பியானோவில் ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். மகள் கடலையை மூடிப் பைக்குள் வைத்தாள். அந்த மெட்டு ஒழுங்காக வரும்வரை இருவரும் அங்கேயே நின்றிருந்தோம்.