கடையில் அசெம்பிள் செய்த பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11: முதலில் டிஸ்க், பிறகுதான் ஓஎஸ்

விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14 அன்றோடு முடிந்துவிட்டன. 2018, 2019 வாக்கில் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய சிஸ்டங்கள் வீட்டிலும் ஜெராக்ஸ் கடையிலும் ஆடிட்டர் ஆபீஸிலும் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. எட்டாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர் இருந்தால் விண்டோஸ் 11 போட அவற்றுக்குத் தகுதி உண்டு. ஆனாலும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக்கை ஓட்டிப் பார்த்தால் தகுதியில்லை என்று சிவப்பில் காட்டும். அதைப் பார்த்துப் புது சிஸ்டம் வாங்கிவிட வேண்டாம். சிக்கல் பெரும்பாலும் அன்று ஓஎஸ் போட்ட விதத்தில் இருக்கிறது.

இங்கே சொல்வது இந்த அமைப்புக்கு: ஐ3-8100 ப்ராசஸர், எச்310 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், அதில் சி, டி, ஈ, எஃப் என நான்கு டிரைவ்கள், 64 பிட் விண்டோஸ் 10. புதிதாக வாங்கியது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று மட்டும்.

தொடங்கும் முன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 அடித்தால் வரும் பட்டியலில் பயாஸ் மோட் என்ற வரி லெகஸி என்று காட்டியது. அது பழைய பூட் முறை, விண்டோஸ் 11 கேட்பது யுஇஎஃப்ஐ என்ற புதிய முறை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க் 0 மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ், வால்யூம்ஸ் போனால் பார்ட்டிஷன் ஸ்டைல் எம்பிஆர் என்றிருந்தது. அது டிஸ்கைப் பிரிக்கும் பழைய முறை, யுஇஎஃப்ஐயில் விண்டோஸ் பூட் ஆக ஜிபிடி என்ற புதிய முறை வேண்டும். டிபிஎம் டாட் எம்எஸ்சி அடித்தால், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்றது. மூன்றுமே தீர்க்கக்கூடியவை. தீர்க்க முடியாதது ப்ராசஸர்தான். ஏழாம் தலைமுறை இன்டெலில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்கள் தவிர எதுவும் மைக்ரோசாஃப்ட் ஏற்கும் ப்ராசஸர் பட்டியலில் இல்லை. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை இருந்தாலும் ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி இரண்டும் இல்லை. பெயரில் 2000 என்று தொடங்கினாலும் உள்ளே இருப்பது ஸென் என்ற ஏஎம்டி சிப் வடிவமைப்பின் முதல் தலைமுறை.

இப்போது உண்மையான முட்டுக்கட்டைக்கு வருவோம். எம்பிஆர் டிஸ்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் போட முடியாது. சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி மூன்றும் பிரைமரியாகப் போய்விட்டால், மீதி இடத்தை விண்டோஸ் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனாக்கி, அதற்குள் ஈ, எஃப் இரண்டையும் லாஜிக்கல் டிரைவாக வைக்கும். நம் ஊர்க் கடைகளில் பல காலமாக இப்படித்தான் பிரித்துக் கொடுத்தார்கள். எம்பிஆரை ஜிபிடியாக மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. டேட்டா அழியாமல் மாற்றித் தரும். ஆனால் அது எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் பார்ட்டிஷன் உள்ள டிஸ்கைத் தொடாது. பிரைமரியும் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. 1 டிபி டிஸ்கில் நேரடியாக ஓட்டினால் டிஸ்க் லேஅவுட் வேலிடேஷன் ஃபெயில்டு என்று நின்றுவிடும்.

ஈ, எஃப் இரண்டையும் வெளி டிஸ்குக்குக் காப்பி செய்து, அழித்து, மாற்றி, திரும்பக் காப்பி செய்வது ஒரு வழி. 600, 700 ஜிபி இருந்தால் ஒரு நாள் போய்விடும். அதைவிட நல்ல வழி, ஓஎஸ்ஸை மட்டும் எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோவது. பூட் ஆகும் டிஸ்க் மட்டும் ஜிபிடியாக இருந்தால் போதும். டேட்டா இருக்கும் ஹார்ட் டிஸ்க் எம்பிஆராகவே, லாஜிக்கல் டிரைவ்களோடு அப்படியே கிடக்கலாம். இதைப் பலர் அறியாமல்தான் டேட்டா முழுவதையும் இடம் மாற்றிச் சிரமப்படுகிறார்கள்.

அப்படியானாலும் பேக்கப் வேண்டும். டேலி டேட்டா ஃபோல்டர், ப்ரௌசர் பாஸ்வேர்டுகள், டெஸ்க்டாப்பில் கிடப்பவை எல்லாம் வெளி டிஸ்குக்குப் போகட்டும். தமிழ் டைப்பிங் நடக்கும் சிஸ்டமாக இருந்தால் ஃபான்ட்டுகளை மறக்கவே கூடாது. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த ஃபைல், அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் போதாது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து (2018), அட்மின் அனுமதி இல்லாமல் நிறுவிய ஃபான்ட்டுகள் பயனரின் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற இன்னொரு ஃபோல்டரில் போய் உட்காருகின்றன. இரண்டையும் எடுக்க வேண்டும்.

அடுத்து குளோனிங், அதாவது பழைய டிஸ்கில் உள்ள ஓஎஸ்ஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுப்பது. பல எஸ்எஸ்டி நிறுவனங்கள் தங்கள் எஸ்எஸ்டி வாங்கியவர்களுக்கு இதற்கான மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. முழு டிஸ்கைத் தேர்ந்தெடுக்காமல், சிஸ்டம் ரிசர்வ்டு, சி, ரெகவரி இருந்தால் அது, இவ்வளவுதான். சிஸ்டம் ரிசர்வ்டை விட்டுவிட்டால் எஸ்எஸ்டி பூட் ஆகாது, ஏனென்றால் பூட் ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன. சி டிரைவில் 70 ஜிபி இருந்ததற்கு அரை மணி நேரம் ஆனது.

குளோன் முடிந்ததும் சிஸ்டத்தை அணைத்து, ஹார்ட் டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட வேண்டும். வேலை முழுவதும் முடியும்வரை திரும்ப மாட்டக்கூடாது. குளோன் செய்த டிஸ்குக்கும் பழைய டிஸ்குக்கும் ஒரே சிக்னேச்சர் (டிஸ்கின் அடையாள எண்) இருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். அல்லது பழைய டிஸ்கிலிருந்தே பூட் ஆகி, எஸ்எஸ்டியில் இருப்பதாக நினைத்து அதையே மாற்றிக்கொண்டிருப்போம். டேட்டா டிஸ்க் கழன்றிருப்பதால் இன்ஸ்டாலரில் தவறான டிரைவைத் தொட்டுவிடும் ஆபத்தும் போய்விடுகிறது.

எஸ்எஸ்டியிலிருந்து லெகஸி முறையிலேயே பூட் செய்து, கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, முதலில் எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /டிஸ்க்:0 /அலோஃபுல்ஓஎஸ். ஆங்கிலத்தில், இதே வரிசையில், இதே சாய்வுக் கோடுகளோடு அடிக்க வேண்டும். வேலிடேஷன் சரி என்று வந்த பிறகு, வேலிடேட் என்ற சொல்லுக்குப் பதில் கன்வர்ட் போட்டு மறுபடி ஓட்டினால் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் முதலிலேயே சஸ்பெண்ட் செய்திருக்க வேண்டும். கடைசியில் ரீஏஜென்ட் ஃபைலை மாற்ற முடியவில்லை என்று ஒரு வரி வரலாம், பயப்பட வேண்டாம். யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆன பிறகு ரீஏஜென்ட்சி /டிசேபிள், பிறகு ரீஏஜென்ட்சி /எனேபிள் கொடுத்தால் ரெகவரி பழையபடி வேலை செய்யும்.

கன்வர்ட் ஆன நொடியிலிருந்து லெகஸியில் பூட் ஆகாது. அடுத்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸுக்குள் போய்விட வேண்டும். அங்கே லெகஸி பூட்டுக்கு வழிவிடும் சிஎஸ்எம்மை டிசேபிள் செய்வது, டிபிஎம் வசதியைத் தரும் இன்டெல் பிடிடியை எனேபிள் செய்வது (ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றிருக்கும்), பிறகு நம்பகமான பூட் ஃபைலை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை எனேபிள் செய்வது. இந்த வரிசை தலைகீழானால், அதாவது டிஸ்கை மாற்றும் முன்பே சிஎஸ்எம்மை அணைத்தால், பூட் டிவைஸ் இல்லை என்று கருப்புத் திரை வரும். திரும்ப சிஎஸ்எம் போட்டால் சரியாகிவிடும், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சில போர்டுகளில் செக்யூர் பூட்டை எனேபிள் செய்தும் நாட் ஆக்டிவ் என்றே காட்டும். ஃபேக்டரி கீகள் ஏறவில்லை என்று பொருள். ரீஸ்டோர் ஃபேக்டரி கீஸ் கொடுத்தால் ஆக்டிவ் ஆகும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருப்பவர்கள் இங்கே நிதானிக்கவும். ஜிடி 210 காலத்துக் கார்டுகள் பலவற்றில் யுஇஎஃப்ஐக்கான ஃபர்ம்வேர் கிடையாது. சிஎஸ்எம்மை அணைத்ததும் மானிட்டரில் எதுவுமே வராது, பயாஸ்கூடத் தெரியாது. கார்டைக் கழற்றி, மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே உள்ள வீடியோ இணைப்பில் மாட்டினால் தெரியும். ஐ5-9400எஃப் போல எஃப் என்று முடியும் ப்ராசஸரில் அந்த வசதியும் இல்லை. சிமாஸ் க்ளியர் செய்து பயாஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவதுதான் வழி, பிறகு கார்டை மாற்ற வேண்டும்.

அப்படியே மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். ஆறேழு ஆண்டு ஓடிய பேட்டரி தீரும் நிலையில்தான் இருக்கும். மின்சாரம் போய் வந்ததும் தேதி பின்னுக்குப் போனால் இணையதளங்களில் சான்றிதழ்ப் பிழை வரும். பல போர்டுகளில் சிஎஸ்எம், பிடிடி அமைப்புகளும் பழையபடி திரும்பிவிடும். பயாஸ் அப்டேட் தேவைப்பட்டால் யுபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது. பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

இதெல்லாம் முடிந்தால் ஓஎஸ் ஏற்றுவது சுலபம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓவை இறக்கி (5 ஜிபிக்கு மேல்), டபுள் கிளிக் செய்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்ட வேண்டும். ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள் என்ற தேர்வு மங்கலாக இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், நெக்ஸ்ட் கொடுக்க வேண்டாம். காரணம் பெரும்பாலும் மொழி. நிறுவியிருப்பது இங்கிலீஷ் யுஎஸ்ஸாக இருந்து, இறக்கியது இங்கிலீஷ் இன்டர்நேஷனலாக இருந்தால் ஆப்கள் தங்காது. டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கெட்-இன்ட்ல் (Get-Intl) கொடுத்தால் டிஃபால்ட் சிஸ்டம் யுஐ லாங்குவேஜ் என்ற வரியில் உங்களுடையது எது என்று தெரியும். 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியே இல்லை. விண்டோஸ் 11இல் 32 பிட் கிடையாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

செட்டப்பை ஓட்டும் முன் வெளி ஆன்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்து, கீபோர்டு, மவுஸ் தவிர பிரிண்டர், பென் டிரைவ், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எஸ்எஸ்டியில் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பாதியில் பழைய விண்டோஸுக்கே திரும்பி, 0எக்ஸ்சி1900101 என்று தொடங்கும் பிழை வந்தால் டிரைவர் தகராறு. பழைய வைஃபை டாங்கிளும் கிராஃபிக்ஸ் டிரைவரும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை அப்டேட் செய்ய முடியவில்லை என்று வந்தால் யுஇஎஃப்ஐக்கான பூட் ஃபைல்கள் இருக்கும் 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன் நிரம்பியிருக்கிறது. மவுன்ட்வால் ஒய்: /எஸ் கொடுத்து அதைத் திறந்து, இஎஃப்ஐ, மைக்ரோசாஃப்ட், பூட், ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் உள்ளவற்றை அழித்தால் தேவையான இடம் கிடைக்கும். பூட் ஆவதற்கு அவை வேண்டியதில்லை.

விண்டோஸ் 11 திறந்ததும் சிஸ்டத்தை அணைத்து ஹார்ட் டிஸ்கை மாட்டலாம். எஸ்எஸ்டி ஜிபிடியாகி வேறு அடையாளம் பெற்றுவிட்டதால் இனி சிக்னேச்சர் மோதாது. டி, ஈ, எஃப் எழுத்துகள் மாறாமல் வந்தன. மாறியிருந்தால் டேலியைத் திறக்கும் முன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தையே கொடுத்துவிடுங்கள். முதல் லாகினில் ஒன்ட்ரைவ் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை பேக்கப் எடுக்கவா என்று கேட்கும். இலவச இடம் 5 ஜிபிதான், அலுவலக சிஸ்டத்தில் வேண்டாம் என்பதே நல்லது. தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் பகுதியிலேயே இருக்கின்றன. லதா ஃபான்ட் காணாமல் போயிருந்தால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்று தேடிச் சேர்க்கலாம்.

ப்ராசஸர் பட்டியலில் இல்லாதவர்கள் ரெஜிஸ்ட்ரியை மாற்றி ஏற்றும் வழி ஒன்று உண்டு. பில் போடும் சிஸ்டத்தில் அதைச் செய்ய மாட்டேன். ஆண்டுதோறும் வரும் பெரிய அப்டேட்டை ஒவ்வொரு முறையும் கையால் போராடி ஏற்ற வேண்டியிருக்கும். கோர் 2 டுவோ காலத்து ப்ராசஸர்களில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது. ப்ராசஸர் பட்டியலில் இல்லாதவர்களுக்கு, விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளை நீட்டித்துத் தரும் ஈஎஸ்யு திட்டம் வீட்டு சிஸ்டங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளை ஸிங்க் செய்தால் பணம் கட்ட வேண்டியதில்லை.

பிடிக்காவிட்டால் விண்டோஸ் 10க்குத் திரும்ப 10 நாள் அவகாசம். அது முடிவதற்குள் டிஐஎஸ்எம் /ஆன்லைன் /செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ /வேல்யூ:60 கொடுத்தால் 60 நாளாகும். ஹார்ட் டிஸ்கில் உள்ள பழைய சி டிரைவையும் அதுவரை அழிக்க வேண்டாம். எஸ்எஸ்டியைக் கழற்றி, பயாஸில் சிஎஸ்எம்மைத் திரும்பப் போட்டால் பழைய விண்டோஸ் 10 அப்படியே எழுந்து வரும். ஒரு மாதக் கணக்கும், ஜிஎஸ்டி தாக்கலும், டோக்கன் கையெழுத்தும் புதியதில் சரியாக நடந்த பிறகு அந்தப் பழைய சி டிரைவின் இடத்தை டேட்டாவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.