கொல்லிமலை: 70 வளைவு, ஆயிரத்துச் சொச்சம் படி

ஊட்டியை மனதில் வைத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போனால் ஏமாற்றம்தான். மலைமேல் விரிந்த மேட்டுநிலம், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, காபி, பலா, அன்னாசித் தோட்டங்கள், வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று பெயர் தாங்கிய சிற்றூர்கள், சில அருவிகள். அவ்வளவே. உயரம் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை என்பதால் கீழே நாமக்கல்லில் இருப்பதைவிட ஆறேழு டிகிரி வெப்பம் குறைவு. மே மாதத்தில் ஸ்வெட்டர் சுமை. டிசம்பர் இரவில் இல்லாவிட்டால் அவஸ்தை.

மழை ஓய்ந்து அருவியில் தண்ணீர் இருக்கும் டிசம்பர், ஜனவரி வார நாட்கள்தான் நல்ல நேரம். ஆடி 17, 18 தேதிகளில், இந்த மலையை ஆண்ட சங்ககால வள்ளல் வல்வில் ஓரியின் விழா. விழா பார்க்க ஆசையென்றால் தாராளமாகப் போகலாம். அமைதி வேண்டுமென்றால் அந்த வாரத்தையே மறந்துவிடுங்கள்.

நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வந்தால் காரவள்ளியில் மலைப்பாதை தொடங்கும். 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வாந்தி வருபவர்கள் மாத்திரையைக் காரவள்ளியில் போட்டுப் பயனில்லை, அரை மணி நேரமாவது முன்னால் போட வேண்டும். அது தூக்கம் வரவழைக்கும், ஓட்டுநர் தொடவே கூடாது. பேருந்தில் போகிறவர்கள் முன் இருக்கையைப் பிடிப்பது நல்லது. வளைவு குறைந்த பாதை வேண்டுமென்றால் ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக ஏறலாம்.

ஏறும்போது வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி திரும்பிய பிறகு குறைத்தால் வண்டி திணறி நின்று பின்னால் உருளும். எதிரே பேருந்து வந்தால் சாலை முழுவதும் அதற்கே வேண்டும். வளைவுக்குச் சற்று முன்பே ஒதுங்கி நில்லுங்கள். ஏறும் வண்டிக்கு வழிவிடுவதுதான் மலை முறை என்றாலும், பேருந்திடம் அந்த வாதம் வேண்டாம்.

ஆபத்து பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறிய அதே கியரில், இரண்டாவதிலோ முதலாவதிலோ, இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் ஆயில் சூடேறி ஆவிக் குமிழி கட்டும். பெடல் பஞ்சுபோல அமுங்கும், வண்டி நிற்காது. கருகல் நாற்றம் வந்ததும் ஓரம் கட்டி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டர் இந்த இறக்கத்துக்கு ஏற்றதே அல்ல. ஆக்ஸிலேட்டரை விட்டதும் வேகம் குறைந்தால் கிளட்ச் விலகிவிடும், பிறகு எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. அதில்தான் போவோம் என்றால் பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்துங்கள். மாலையில் பனிமூட்டம் இறங்கும் என்பதால் நான்கு மணிக்குள் கிளம்பிவிடுவது உத்தமம்.

ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். உயரம் ஒரே சீராக இருக்காது, சில இடங்களில் செங்குத்து. இங்கே கணக்கு தலைகீழ்: இறங்குவது சுலபம், குளித்துக் களைத்த பிறகு ஏறுவதுதான் பாடு. இறங்க முக்கால் மணி நேரம் என்றால் ஏற ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பின்வார் உள்ள செருப்பு, கொஞ்சம் கடலை மிட்டாய். தின்பண்டம் பைக்குள்ளேயே இருக்கட்டும், கையில் கவர் தெரிந்தால் குரங்கு பறித்துவிடும். மூட்டுவலி, இதயக் கோளாறு, மூச்சிரைப்பு உள்ளவர்கள் கோயிலோடு நிற்பது நல்லது. கீழே போனில் சிக்னலை நம்ப முடியாது, தூக்கிவர டோலியும் இல்லை. எல்லாரும் பொழுதோடு ஏறி வர வேண்டும் என்பதால் பிற்பகலிலேயே கீழே அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள்.

அருவியாகக் கொட்டுவது ஐயாறு. மேட்டுநிலத்தின் மறுகோடியில் பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போது வந்து சேரும். தண்ணீர் கலங்கினாலோ சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். வழுக்குப் பாறையில் நின்று படம் எடுப்பது வேண்டவே வேண்டாம்.

அத்தனை படி ஆகாதவர்களுக்கு மாசிலா அருவி இருக்கிறது. குழந்தைகளுக்கு நம்ம அருவி போதும். சீக்குப்பாறை வியூ பாயிண்ட்டுக்குக் காலையில் போங்கள், மதியத்துக்கு மேல் சமவெளி புழுதி மங்கலில் மறைந்துவிடும்.

கோயில் பக்கம் முடவாட்டுக்கால் சூப் கிடைக்கும். கம்பளி போர்த்தியதுபோல் ரோமம் மூடிய, பாறையில் வளரும் கிழங்கு அது. முட்டிவலி போய்விடும் என்று விற்பவர் சொல்வதை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் பாடு. படியேறி வந்த உடம்புக்கு அந்த மிளகுக் காரம் இதமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் தரலாம். கிழங்கு வாங்கினால் தோலை ரோமத்தோடு தடிமனாகச் சீவி, நறுக்கித் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும்.

மிளகு வாங்குமுன் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முற்றியது அடியில் தங்கும். நிறைய மிதந்தால் பதரோ பப்பாளி விதையோ கலந்திருக்கிறது. அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.