மேடைக்குள் கேட்டால்தான் மைதானத்தில் கேட்கும்

திருவிழா மெல்லிசைக் கச்சேரிக்கு மைக்செட் போடுகிறவர்களிடம் "என்ன செட்?" என்று கேட்டால் பாக்ஸ் கணக்குதான் வரும். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, மேலே டாப் இத்தனை, மொத்தம் இத்தனை ஆயிரம் வாட்ஸ். மானிட்டர், அதாவது மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான பாக்ஸ், எத்தனை என்று கேட்டால் "பாடுறவங்களுக்கு ரெண்டு வெப்போம்" என்று இழுப்பார்கள். ஊர்க் குழு சுமாராக வாசித்தது என்று பேசப்படும் கச்சேரிகளில் பாதிக்கு மேல் கோளாறு வாசிப்பில் இல்லை. பக்கத்து ஆள் வாசிப்பது காதில் விழாமல் பத்துப் பேரும் தனித்தனியாக வாசித்திருப்பார்கள்.

இளையராஜா சகோதரர்களின் பாவலர் பிரதர்ஸும், ஏ.வி. ரமணனின் மியூசியானோவும் மேடையில் வளர்ந்த குழுக்கள்தான். இன்றைக்கும் மாவட்டத்துக்கு மாவட்டம் அப்படிக் குழுக்கள் உண்டு. அவர்களிடம் கைவசம் உள்ள வித்தையை அப்படியே வெளியே கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்பதே இந்தப் பதிவு.

முதலில் ஒரு கணக்கு. மிக்சருக்குள் ஒரு மைக்கோ ஒயரோ நுழையும் வழிக்குச் சேனல் என்று பெயர். தபலாவுக்கு 2 சேனல், டோலக்குக்கு 2, குச்சியால் தட்டும் எலக்ட்ரானிக் ஆக்டோபேடுக்கு 2, டிரம்ஸுக்கு 5, இரண்டு கீபோர்டுக்கு 4, பேஸ் கிட்டாரும் லீட் கிட்டாரும் சேர்த்து 2, புல்லாங்குழல் 1, பாடகர்கள் 4, தொகுப்பாளர் 1. மொத்தம் 23. அப்படியானால் 24 சேனல் மிக்சரில் ஒன்றுதான் மிச்சம். மைக் ஏதாவது வேலை செய்யாமல் போனால் அந்த ஒன்றுதான் கைகொடுக்கும். தலைவர் திடீரென்று பேசவந்தால் அதுவும் போச்சு.

கரண்டைப் பார்க்காமல் எதையும் ஆன் செய்யக் கூடாது. ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று ஃபேஸில் ஒன்றை சவுண்டுக்கு மட்டும் ஒதுக்கச் சொல்லிவிடுங்கள். மேடை, மிக்சர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் அந்த ஒரே ஃபேஸில். சீரியல் செட்டும் மேடை விளக்கும் வேறு ஃபேஸில். மல்டிமீட்டரை எடுத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 220 முதல் 240 வோல்ட் இருக்கிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நியூட்ரல் லூஸாக இருந்து விட்டுப்போனால் லோடு குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் 400-ஐ நெருங்கும். கீபோர்டு அடாப்டரும் மிக்சரும் ஒரே நொடியில் புகைந்துவிடும்.

'ங்ங்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் சிலர் பிளக்கில் எர்த் பின்னை உடைப்பார்கள். ஹம் நிற்கும்தான். ஆனால் கிட்டார்காரர் கம்பியில் கைவைத்தபடி மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும், ஆளையே கொன்றாலும் கொல்லும். கீபோர்டு, கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருப்பதே இதற்குத்தான். அது சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது. கீபோர்டிலிருந்து டிஐ வரை பி-38 (கால் இஞ்ச்) ஜாக் ஒயர் 5 மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போகிற தூரமெல்லாம் கேனான் (மூன்று பின் எக்ஸ்எல்ஆர்) கேபிளில் போகட்டும்.

இனி மானிட்டர். ஷூர் எஸ்எம் 58 மைக் 1966-ல் வந்தது, இன்னமும் மேடைக்கு மேடை அதுதான். அது கார்டியாய்டு, முதுகுப் பக்கம் காது கேட்காது. மானிட்டர் சத்தம் மைக்கில் திரும்பப் புகுந்தால் ஊளையிடும். ஆகவே மானிட்டர் மைக்கின் நேர் பின்னால், பாடகரின் முகத்துக்கு நேரே இருக்க வேண்டும். அதே கம்பெனியின் பீட்டா 58 சூப்பர் கார்டியாய்டு. அதற்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், கேட்காத இடம் சுமார் 120 டிகிரியில் இரு பக்கமும் இருக்கிறது. அதனால் இரண்டு மானிட்டரைச் சற்று விலக்கி, பக்கவாட்டில் வைக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் விலை கூடிய மைக்கை வாங்கி, பழைய இடத்திலேயே மானிட்டரை வைத்துவிட்டு "புது மைக்தான் ஜாஸ்தி கூவுது" என்பவர்கள் உண்டு. எந்த மைக்காக இருந்தாலும் பாடகர் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அது எல்லாப் பக்கமும் கேட்கிற மைக்காகிவிடும். பிறகு ஊளைதான்.

மெயின் பாக்ஸ் பாடகர் வரிசைக்குக் குறைந்தது 2 மீட்டர் முன்னால் நிற்கட்டும். பல ஊர்களில் கலையரங்க மேடை சின்னது. பாக்ஸை மேடைமேலேயே மூலையில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் சத்தத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் எந்த ஈக்வலைசராலும் காப்பாற்ற முடியாது.

மிக்சரிலிருந்து மானிட்டருக்குப் போகும் தனி வழியான ஆக்ஸ், ப்ரீ ஃபேடரில் இருக்க வேண்டும், அதாவது வெளிச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்னாலேயே பிரிய வேண்டும். போஸ்ட் ஃபேடரில் இருந்தால் வெளியே பாடகரை ஏற்றும்போதெல்லாம் உள்ளேயும் ஏறும், சரணத்தின் உச்சத்தில் 'கீ' என்று கத்தும். குறைந்தது 4 தனி மிக்ஸ் வேண்டும்: பாடகர்களுக்கு ஒன்று, தபலா டோலக்குக்கு ஒன்று, கீபோர்டுகளுக்கு ஒன்று, டிரம்ஸ் பேடுக்கு ஒன்று. யாருக்கு என்ன வேண்டும் என்பதில் பலர் தலைகீழாக யோசிக்கிறார்கள். தபலாக்காரருக்கு அவருடைய தபலா ஏற்கெனவே காதடியில் கேட்கிறது. அவருக்கு வேண்டியது பாடகரும் பேஸ் கிட்டாரும். பாடகருக்குத் தன் குரலும் கீபோர்டு கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) முக்கியம், தாளம் தொட்டுக்கொள்ள இருந்தால் போதும். அவருடைய மானிட்டரில் பேஸ் திரண்டு கார்டு அமுங்கிவிட்டால், சுருதி நழுவும். கூட்டம் பாடகரைத்தான் திட்டும்.

மானிட்டரை மெல்ல ஏற்றி, எங்கே ஊளை தொடங்குகிறது என்று பார்த்து, 31 பேண்ட் ஈக்வலைசரில் அந்த ஒரு பேண்டை மட்டும் 3, 4 டெசிபெல் இறக்குங்கள். நாலைந்து இடத்துக்கு மேல் இறக்க வேண்டியிருந்தால் மைக்கோ மானிட்டரோ தப்பான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஈக்வலைசரை விட்டுவிட்டு எழுந்துபோய் அதை நகர்த்துங்கள்.

தபலாதான் உண்மையான பரீட்சை. வலது தபலாவுக்கு மேலே 10, 15 சென்டிமீட்டர் உயரத்தில், கரணையின் (தோலின் மேலுள்ள கறுப்பு வட்டம்) நடுவைப் பார்க்காமல், கரணைக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட இடத்தைப் பார்த்து மைக். இந்தச் சேனலில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். இடது தபலாவில் வெட்டவே கூடாது. அந்த 'கும்ம்' வழுக்கிப்போவதில்தான் பாட்டே இருக்கிறது. சத்தம் குறைந்ததும் சேனலை அடைத்துவிடும் கேட் போடுவதும் வேண்டாம், கார்வையை நறுக்கிவிடும். மானிட்டர் சத்தத்திலேயே தோல் தானாக அதிர்ந்து ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் 200 முதல் 300 ஹெர்ட்ஸுக்குள் கொஞ்சம் இறக்கினால் அடங்கும். அடங்கவில்லையா, மானிட்டரைத் தபலாவுக்கு எதிரிலிருந்து வாசிப்பவரின் தோள் பக்கம் நகர்த்துங்கள்.

ஆக்டோபேடில் வேறு சிக்கல். ஒரு பேட்சில் (அதில் பதிந்திருக்கும் ஒலித் தொகுப்பு) டேப் என்னும் தோல் வாத்தியம் போல மெல்லியது, அடுத்ததில் உறுமி, அதற்கடுத்ததில் பறை. சத்தம் பேட்சுக்குப் பேட்ச் எகிறும். சவுண்ட் செக்கில் அவர் சும்மா தட்டிக் காட்டுவதை நம்பாமல் "குத்துப் பாட்டுக்கு வாசிக்கிற பேட்ச் போடுங்கண்ணே" என்று கேட்டு, அதில் டிஜிட்டல் மிக்சர் மீட்டரின் உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் கெயின் (உள்ளே வரும் சிக்னலின் ஏற்றம்) வைக்க வேண்டும். பாடகரிடமும் அப்படியே. "ஹலோ, மைக் டெஸ்டிங்" குரலுக்கு வைத்த கெயின், சரணத்தில் மேல் ஸ்தாயி பிடிக்கும்போது சிவப்பு விளக்கில் போய் நிற்கும். சரணத்தின் உச்ச வரியைப் பாடச் சொல்லுங்கள்.

எக்கோ கேட்காத பாடகர் கிடையாது. திறந்த மைதானத்தில் சுவர் எதிரொலி இல்லாததால் 1.2 முதல் 1.5 விநாடி ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) அழகாக இருக்கும். டைல்ஸ் தரையும் தகரக் கூரையுமான கல்யாண மண்டபத்தில் ஏற்கெனவே அது தாராளமாக இருக்கிறது. அங்கே எக்கோ கேட்டால் "போட்டாச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது தர்மம்தான். பாட்டு முடிந்ததும் எக்கோ ரிட்டர்னை மியூட் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தொகுப்பாளர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார்.

கூட்டம் தெரு வரை நின்றால் நடுவில் ஒரு ஜோடி பாக்ஸ் வைப்பார்கள். கோடை இரவுக் காற்றில் சத்தம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 35 மீட்டர் தள்ளி வைத்த பாக்ஸுக்கு 100 மில்லி விநாடி தாமதம் கொடுக்க வேண்டும். அதோடு இன்னும் 10 சேர்த்தால், பக்கத்துப் பாக்ஸில் கேட்டாலும் மேடையிலிருந்து வருவதுபோல் தோன்றும்.

முதல் பாட்டு எப்போதும் பக்திப் பாட்டு, நிதானமான நடை, பேட் அனேகமாக ஓய்வு. அதை வைத்து எல்லாவற்றையும் செட் செய்துவிட்டு உட்கார்ந்தால் இரண்டாவது குத்துப் பாட்டில் மைதானமே அதிரும். முதல் பாட்டில் குரலை மட்டும் சரிசெய்துகொண்டு, கண்ணை மேடையில் வையுங்கள். பாடகரின் கை காதைப் பொத்தினால் தன் குரல் அவருக்குக் கேட்கவில்லை. மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்தால் மானிட்டர் அதிகம். கீபோர்டுக்காரர் கழுத்தை நீட்டி டிரம்ஸ் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தால் தாளம் அவருக்குப் போகவில்லை. இதையெல்லாம் யாரும் மைக்கில் கேட்கும்முன் சரிசெய்துவிட்டால், மூன்றாவது பாட்டில் குழல்காரர் குறிப்பில் இல்லாத ஒரு சங்கதியைப் போடுவார், தபலாக்காரர் சிரித்தபடி பதில் சொல்வார். பதிவுசெய்த இசை டிராக் போட்டுப் பாடும் மேடையில் இது நடக்காது. இந்த வேலையை விடாமல் பிடித்துவைத்திருப்பது அந்தச் சிரிப்புதான்.

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்காலத்தில் அரசு விலக்கு அளித்தால் நள்ளிரவு வரை. முதல் பாட்டு எட்டரைக்குத் தொடங்கினால் பத்தாவது பாட்டைத் தாண்டியதுமே கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே சவுண்ட் செக்கை சாயங்காலம் நாலு மணிக்கே முடிக்கப் பாருங்கள்.

பிரிக்கும்போது கேபிளை முழங்கையில் சுற்றாதீர்கள், உள்ளே முறுக்கி ஒயர் அறுந்துபோகும். எஸ்எம் 58-ன் வலைத் தலையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். கச்சேரி நடுவே கரகரத்த கேபிளின் நுனியில் அப்போதே ஒரு முடிச்சு போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஊரில் பெட்டியைத் திறந்ததும் கைக்கு முதலில் வருவது அதுவாகத்தான் இருக்கும்.