டிக்கி நீண்ட வண்டியும் உப்புக்காற்றும்
மூன்று வாரம் ஆகிறது, பழைய ஸ்கோடா ஆக்டேவியா காம்பி டீசல் வாங்கி, டிக்கி நீண்ட எஸ்டேட் கார். ராமநாதபுரத்தில் பார்க்கிறவர்களெல்லாம் "என்ன தம்பி, ஆம்புலன்ஸா?" என்று கேட்டுவிட்டார்கள். 1992-லேயே டாடா எஸ்டேட் வந்த நாடு இது, இன்னும் நமக்கு டிக்கி நீண்ட கார் என்றால் சிரிப்புதான்.

1.9 லிட்டர் டர்போ, 90 குதிரைத்திறன். காகிதத்தில் சின்ன எண். ஆனால் 210 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1900 ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் நிமிடத்துக்கு 1900 சுற்று சுற்றும்போதே) கிடைப்பதால், மண்டபம் தாண்டி லாரியை முந்த கியரைக் குறைக்கவே வேண்டியதில்லை, மிதித்தால் சீட்டோடு சேர்த்து முதுகைத் தள்ளுகிறது. 1900-க்குக் கீழே எஞ்சினுக்கு நல்ல தூக்கம், ஊர்ச் சந்தை நெரிசலில் இரண்டாவது கியரில் கொஞ்சம் எரிச்சல்தான். பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று அடித்தபோதும் வண்டி தரையைப் பிடித்துக்கொண்டே போனது, அதற்குத்தான் காசு கொடுத்தேன் என்று தோன்றியது.

சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம், அம்மா வேகத்தடைக்கு வேகத்தடை முருகனைக் கூப்பிடுகிறார்.

அப்புறம் தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரை போய் வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டேன், இந்தக் கரையில் உப்பு இரும்பை விடாது. மறுநாள் மாமா கேட்காமலேயே பின்சீட்டை மடக்கி ஐந்து மூட்டை கருவாடு ஏற்றிவிட்டார். இடம் தாராளமாக இருந்தது, சரி. வாடை இன்னும் போகவில்லை. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள், எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்தாகிவிட்டது.