மருந்துக் கணக்கில் வராத மாத்திரை

கடலூரில் டயாலிசிஸ் பிரிவு ஒன்றில் வேலை பார்க்கிறேன். புதிதாக வருபவர்களிடம் "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்போம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாதவர்கள் பெரும்பாலும் "இல்லை" என்பார்கள். அது பொய்யில்லை. வலி மாத்திரையை அவர்கள் மருந்தாகவே எண்ணுவதில்லை; டீ, வெற்றிலை மாதிரி அதுவும் அன்றாடச் செலவு.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். முந்திரி உடைக்கும் வேலை. கேள்வியை மாற்றினேன்.

"இடுப்பு வலித்தால் என்னம்மா செய்வீர்கள்?"

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "இதைப் போட்டுக்கொண்டுதான் தம்பி வேலைக்கே உட்காருவேன்."

உள்ளே காகிதப் பொட்டலம். ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, மிளகளவில் ஓர் இளஞ்சிவப்பு. கடையில் 'ஒரு செட்டு' என்று கேட்டால் கிடைப்பது. பெயர் கிடையாது, காலாவதித் தேதி கிடையாது. கூடவே ஒரு துண்டு அட்டை. கத்தரிக்கோலுக்குத் தப்பிய கடைசி எழுத்துகளை வைத்து டைக்ளோபெனாக் என்ற வலி மாத்திரை என்று கண்டுபிடித்தோம். எத்தனை வருடமாக என்று கேட்டதற்கு, மூத்த மகள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்றார். அந்த மகளின் பையன் இப்போது பத்தாம் வகுப்பு.

சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக் குழாயை விரித்துவைக்க, உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. உடம்பில் நீர் குறையும்போது அதன் தயவு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் வகை மாத்திரைகள் அதன் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன. வலி குறைவதும் அதனால்தான், சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைவதும் அதனால்தான். முந்திரி வறுக்கும் கொட்டகையின் அனலில் அந்த அம்மா தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடமில்லை. கழிப்பறை இல்லாத கொட்டகைக்கும் இந்த நோயில் பங்குண்டு என்பேன். எந்த மருத்துவ அறிக்கையிலும் அதை எழுதமாட்டார்கள். சிறுநீரகம் வலித்தும் காட்டாது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், பாதித் திறன் போன பிறகுதான் ரத்தத்தில் ஏறத் தொடங்கும். அவர் வந்தபோது கால், முகம் எல்லாம் வீங்கியிருந்தது.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோபெனாக், அந்த மாடு செத்த பின் அதைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. இனமே அழியும் நிலை வந்தபின், 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். 2015இல் மனிதர்களுக்கான ஊசி மருந்தையும் 3 மில்லி குப்பியில்தான் விற்கலாம் என்றார்கள், அதுவும் கழுகுகளுக்காகவே. பறவை வேறு, மனிதர் வேறுதான். ஆனாலும் மருந்துச் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரையைத் தரக்கூடாது என்கிற சட்டத்தை யாராவது அத்தனை அக்கறையாகப் பார்க்கிறார்களா?

இனி இதைத் தொடவே கூடாது என்றதும், "அப்போது இடுப்புக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. டாக்டர் அளவு குறித்துப் பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவார்கள் என்ற விவரத்தைச் சொல்லி அனுப்பினோம்.

இரண்டு வாரம் கழித்து, கூட வேலை செய்யும் இரண்டு பெண்களையும் அழைத்து வந்திருந்தார். இருவர் மடியிலும் அதே பொட்டலம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஒருவருக்கு எல்லாம் சரி. இன்னொருவருக்குக் கிரியேட்டினின் 1.9, இருக்க வேண்டியதைவிட அதிகம். மாத்திரையை நிறுத்திவிட்டு மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.