ஜூலை 8-க்குப் பிறகு

2024 ஜூலை 9, செவ்வாய்

அப்பாவுக்குக் காலையிலிருந்து நான்கு தடவை வாந்தி. அது கீமோவால். பேசாமல் படுத்திருப்பது அதனால் இல்லை.

நேற்று ரயில்வேயில் கொடுத்த ரசீது என் கைப்பையில் இருக்கிறது. வெளியே எடுக்கவில்லை.

ஜூலை 10, புதன்

எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 520 ரூபாய். இரண்டு பேர் கட்டணம் 20, அபராதம் 500. காரணம் எழுதும் இடத்தில் டபிள்யூ, டி என்று இரண்டே எழுத்து. வித்தவுட் டிக்கெட்.

ஜூலை 12, வெள்ளி

தூக்கம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பிறகு எங்காவது எழுதிக் கொடுக்க வேண்டி வந்தால் மறந்து போயிருக்கக் கூடாது.

திங்கட்கிழமை குன்னூரில் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். பர்லியாருக்கு மேலே ஒரு லாரி குறுக்கே நின்று அரை மணி நேரம் போய்விட்டது. கீழே மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ரயில் புறப்பட எட்டு நிமிடம். கவுண்டரில் நாற்பது பேராவது நின்றார்கள். பக்கத்தில் டிக்கெட் இயந்திரத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி 'பழுது' என்று எழுதியிருந்தது. "நான் வரிசையில நிக்கிறேன் கண்ணு" என்றார் அப்பா. இதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. அவர் சொன்னார். ஐந்து நிமிடம் நின்றால் கால் வீங்கிவிடும் உங்களுக்கு, போனிலேயே எடுத்துவிடலாம் என்றேன்.

போனில் ரயில்வே டிக்கெட் செயலியில் இரண்டு வட்டம் இருந்தன. ஒன்று தாள் இல்லாத டிக்கெட், அதைக் காட்டினால் போதும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதை எடுக்க முடியாது, ரயிலில் ஏறிய பிறகு யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எனக்கும் அதே பதில்தான் வந்தது. கீழே இன்னொரு வட்டம், புக் அண்ட் பிரிண்ட். அதை அழுத்தினேன். 20 ரூபாய் போயிற்று. ஒரு எண் வந்தது, ஊர்ப் பேர் வந்தது, இரண்டு பெரியவர்கள் என்று வந்தது. வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன். அந்த எண்ணை இயந்திரத்திலோ கவுண்டரிலோ கொடுத்து அச்சு எடுத்தால்தான் அது டிக்கெட். எடுக்காதவரை காசு கட்டிய கணக்கு மட்டும்தான். நான் அதைப் படிக்கவில்லை.

கோயம்புத்தூரில் இறங்கியதும் ஸ்டேஷன் வாசலில் செக்கர் நின்றார். போனைக் காட்டினேன். "இது டிக்கெட் இல்லம்மா." இயந்திரம் பழுது சார் என்றேன். "அதெல்லாம் இங்க சொல்லாதீங்க. வித்தவுட்தான். ஓரமா நில்லுங்க."

அப்பா ஓரமாக நின்றார். தலையில் மப்ளர், கையில் ஸ்கேன் கவர். போகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்கு என்று வைத்திருந்த பணத்திலிருந்து அவரே எண்ணிக் கொடுத்தார்.

31 வருடம் கண்டக்டராக இருந்த மனிதர் அவர். சேரன் போக்குவரத்துக் கழகக் காலத்திலிருந்து இந்த மலை ரூட்டிலேயே விசில் ஊதியவர்.

ஜூலை 13, சனி

கொஞ்சம் கஞ்சி குடித்தார். வர்க்கி கேட்டார், வாங்கி வந்து கொடுத்தேன். டீயில் நனைத்துப் பாதி சாப்பிட்டார்.

ஜூலை 15, திங்கள்

ரயில்வே உதவி எண் 139-க்குப் போட்டுப் புகார் பதிந்தேன். மாலையே பதில் வந்துவிட்டது. விதிப்படி வசூலிக்கப்பட்டது, புகார் முடிக்கப்பட்டது.

விதி என்ன என்று நானே படித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். 1989-ஆம் வருட ரயில்வே சட்டம். 137-ஆவது பிரிவு ஏமாற்றும் எண்ணத்தோடு டிக்கெட் இல்லாமல் போகிறவர்களுக்கு. ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 138 வேறு. அதில் எண்ணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. சரியான டிக்கெட் கையில் இல்லையென்றால் கட்டணமும், அதற்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதுவும் கட்ட வேண்டும். பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு 250. எங்களிடம் வாங்கியது இந்த 138-இல்.

அப்படியென்றால் சட்டமே எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. இதை இரவு பத்து மணிக்கு அப்பாவிடம் சொன்னேன். கண்ணைத் திறக்காமல் கேட்டார். "அங்க நின்னவங்களுக்கு பிரிவெல்லாம் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 16, செவ்வாய்

இன்னும் ஒன்று கண்டுபிடித்தேன். 55-ஆவது பிரிவு. டிக்கெட் எடுக்க முடியாமல் போனால், ரயில்வேயில் அதற்கு அதிகாரம் உள்ள ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறலாம். பிறகு கட்டணம் கட்டுகிறேன் என்ற நிபந்தனையில் அவர் ஒரு சான்று கொடுப்பார். நாலு பெட்டி தள்ளி கார்டு நின்றுகொண்டிருந்தார். கொடி கையில் இருந்தது. நான் பார்த்தேன். போய்ச் சொல்லியிருக்கலாம்.

சொல்லியிருக்கலாம்.

ஜூலை 18, வியாழன்

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். மூன்று கேள்வி. ஜூலை 8 காலை அந்த இயந்திரம் இயங்கியதா. இல்லையென்றால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. அது பழுதான நாட்களில் போனில் எடுத்தவர்கள் எப்படி அச்சு எடுக்க வேண்டும் என்று ஏதாவது அறிவிப்பு இருந்ததா.

தபால் ஆபீசில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கி வைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். மனுவுக்குக் கட்டணமும் பத்து ரூபாய், ஒரு ஆள் டிக்கெட்டும் பத்து ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அடுத்த கீமோ 29-ஆம் தேதி. 21 நாளுக்கு ஒரு தடவை. இப்போது வீட்டுக் காலண்டரில் இரண்டு கணக்கு ஓடுகிறது. கீமோவுக்குச் சிவப்பு, தபாலுக்கு நீலம்.

ஜூலை 19, வெள்ளி

முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. தலையணை உறையை அம்மா என்னிடம் காட்டாமல் வெளியே கொண்டுபோய் உதறுகிறாள்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று பேசினார். நிறையப் பேசினார். வெயில் இருந்தது, திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

செக்கிங் இன்ஸ்பெக்டர்கள் காட்டுக்குள் திருப்பத்தில் நின்று பஸ்ஸை மறிப்பார்களாம். ஏறியதும் முதலில் வே பில்லை, அதாவது டிக்கெட் கணக்குத் தாளைத்தான் வாங்குவார்கள், பிறகு ஒவ்வொரு டிக்கெட்டாக. ஒரு தடவை காட்டேரிப் பக்கம், எஸ்டேட்டில் இலை பறிக்கிற அம்மா ஒருத்தி டிக்கெட்டைத் தொலைத்துவிட்டாள். அப்பா எழுந்து, "நான்தான் சார் கொடுத்தேன், மூணாம் ஸ்டேஜில், இந்த நம்பருக்கு அடுத்தது" என்று பில்லில் விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டு இறங்கிவிட்டார். சில்லறை இல்லாதவர்களுக்கு டிக்கெட்டின் பின்பக்கம் மீதியை எழுதிக் கொடுப்பது கண்டக்டர் வழக்கம். வருடங்கள் கழித்துச் சந்தையில் பார்த்து, "ரெண்டு ரூபா பாக்கி வச்சிருக்கீங்க" என்று கேட்டவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்.

"காசு வாங்கினவனுக்குத்தான் தெரியும், கொடுத்தானா இல்லையான்னு. அந்தாள் வாங்கினதை போன்ல பார்த்தாருல்ல?" என்றார்.

பார்த்தார் அப்பா. நான் நீட்டினேன். பார்த்தார்.

ஜூலை 24, புதன்

காற்று. தகரம் பிய்ந்துவிடும் போலிருக்கிறது. ஒப்புகை அட்டை வரவில்லை.

ஜூலை 25, வியாழன்

வந்துவிட்டது! 22-ஆம் தேதி முத்திரை. அங்கிருந்து 30 நாள்.

ஜூலை 27, சனி

ஊட்டியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். கட்டணம் வாங்கவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்பது என்றால் ரயில்வே உரிமைத் தீர்ப்பாயம், அதற்குச் சென்னை போக வேண்டும். இயந்திரத்தைப் பழுதாக விட்டுவிட்டு அபராதம் வாங்கியது சேவைக் குறைபாடு என்று சொன்னால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே அதைப் போடலாம், அதாவது ஊட்டியிலேயே. ஐந்து லட்சம் வரைக்கும் மனுக் கட்டணமும் கிடையாது. ஆனால் எதிர்த்தரப்பு, இது தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டிய விஷயம் என்றுதான் முதலில் சொல்வார்கள், தயாராக இருங்கள் என்றார்.

"520 ரூபாய்க்காகவா?" என்று கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அந்த இரண்டு எழுத்தை அடிக்க வேண்டும் சார் என்றேன். ரசீதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

திரும்பும்போது லவ்டேல் பக்கம் மலை ரயில் போனது. 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. சின்ன வயதில் அப்பா வார விடுமுறையில் என்னை அதில் கூட்டிப்போவார். அட்டை டிக்கெட், விரல் நீளம். ஓட்டை போட்டுத் தருவார்கள். அதை வீட்டுக்கு வந்த பிறகும் சட்டைப் பையில் வைத்திருப்பார், துவைக்கும்போது அம்மா திட்டுவாள்.

ஜூலை 28, ஞாயிறு

நாளை ரயிலா பஸ்ஸா என்று சண்டை. பஸ் என்கிறார். கீழே இறங்க 14 கொண்டை ஊசி வளைவு, அது எப்படியும் பஸ்தான். அதற்குப் பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் குலுங்கிக்கொண்டு போக அவரால் முடியாது. ரயிலில் காலை நீட்டிக்கொள்ளலாம், கக்கூஸ் இருக்கிறது. இத்தனை சொன்னேன். "அந்த வாசல் வழியா நான் வரமாட்டேன்."

ஜூலை 29, திங்கள்

பஸ். காரமடைக்கு முன்னால் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னோம். கண்டக்டர் பையன் முகம் சுளிக்கவில்லை, தண்ணீர் பாட்டில் கொடுத்தான். அப்பா அவன் கையைப் பிடித்து எந்த டிப்போ என்று கேட்டார்.

ரத்தத்தில் செல் கவுண்ட் போதுமான அளவு இருந்தது. மருந்து ஏற்றினார்கள்.

ஜூலை 30, செவ்வாய்

வயநாடு. சூரல்மலை, முண்டக்கை. விடியற்காலையில் மலை இறங்கி வந்திருக்கிறது. எல்லாம் நம்மைப் போல் தேயிலை மலை, லைன் வீடுகள். கூடலூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போன் கிடைக்க மத்தியானம் ஆயிற்று. நன்றாக இருக்கிறார்கள்.

இன்று வேறு எதுவும் எழுத முடியாது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. அம்மா கலந்த சாதம் செய்தாள். அப்பாவுக்கு எலுமிச்சை சாதம் மட்டும் இறங்கியது. எதைச் சாப்பிட்டாலும் வாய் முழுக்க இரும்பு ருசி என்கிறார்.

ஆகஸ்ட் 7, புதன்

அந்த எண், அந்தத் திரை, 20 ரூபாய் போனதற்கான வங்கிக் குறுஞ்செய்தி. மூன்றையும் அச்சு எடுத்து வைத்தேன். கடைக்காரர் ஒரு பக்கம் மூன்று ரூபாய் வாங்கினார். தாளைக் கையில் வாங்கும்போது உடம்பு நடுங்கியது. அன்றைக்கு இதே தாள் கையில் இருந்திருந்தால் என்று மறுபடியும் அதே இடத்துக்குப் போய்விட்டேன். இதுவும் டிக்கெட் ஆகியிருக்காது, தெரியும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நான் தவறான வட்டத்தை அழுத்தினேன். நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதும் மனுவில் இதை மறைக்கப் போவதில்லை. முதல் வரியே அதுதான். இரண்டாவது வரியில், சரியான வட்டத்தைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அழுத்த முடியாது என்பது. மூன்றாவது, அச்சு எடுக்க அங்கே இருந்த ஒரே இயந்திரத்தில் ஒட்டியிருந்த தாள். கவுண்டரில் போய் அச்சு எடுத்திருக்கலாமே என்பார்கள். நாற்பது பேர். எட்டு நிமிடம். கூட வந்தவர் கீமோவுக்குப் போகிறவர். இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஒன்றுமில்லை. காய்ச்சல் 99.

ஆகஸ்ட் 14, புதன்

தபால்காரர் கேட்டிலிருந்தே கூப்பிட்டார். பதில்!

ஒரே பக்கம். முதல் கேள்விக்கு, குறிப்பிட்ட தேதியில் இயந்திரம் இயங்கவில்லை. இரண்டாவதற்கு, ஜூலை 4 முதல் 11 வரை. மூன்றாவதற்கு, அப்படிப்பட்ட பதிவு எதுவும் அலுவலகத்தில் இல்லை. திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று முகவரி.

அப்பாவிடம் ஓடினேன். மூக்குக் கண்ணாடி கேட்டார். வே பில் பார்ப்பது போல் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை, கையை எடுக்கவும் இல்லை. அவர் கை அவ்வளவு லேசாகிவிட்டது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆணையத்துக்கு மனு தயார். வக்கீல் இரண்டு இடத்தில் திருத்தினார். கேட்பது 500 ரூபாய், அந்த ரசீதை ரத்து செய்வது. மன உளைச்சலுக்கு ஒரு தொகை போடச் சொன்னார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கூடையில் பிளாஸ்க், மாற்று வேட்டி, பிளாஸ்டிக் பை, ஃபைல். நாளை எதில் போவது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள், காலை 4.20

அப்பா எனக்கு முன்னால் எழுந்து குளித்துவிட்டார். இருபது ரூபாயைச் சில்லறையாக எண்ணிச் சட்டைப் பையில் போட்டிருக்கிறார். வரிசையில் அவரேதான் நிற்பாராம். பஸ்ஸுக்கு நேரமாகிறது, அப்புறம் எழுது