பாவைக்கும் சம்பளம் உண்டு: நூலகப் பட்டறைக்கு மானியம் எடுத்த கதை

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களிடம் கலை மானியம் பற்றிக் கதை எடுத்தால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். "அதெல்லாம் எங்களுக்குத் தரமாட்டார்கள்" என்பது ஒன்று. "நாங்கள் சேவையாகத்தானே செய்கிறோம், காசு எதற்கு?" என்பது மற்றது. நான் காகிதக் கூழில் பாவை செய்து கதை சொல்கிறவன். நகரின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் இருக்கும் மல்வேர்ன் நூலகத்தில் குளிர்காலம் முழுக்க அதை இலவசப் பட்டறையாக நடத்தினேன். வந்தவர்களுக்குத்தான் இலவசம், எனக்குச் சம்பளம் வந்தது. எப்படி என்று பலர் கேட்டுவிட்டார்கள்.

பணம் ரொறன்ரோ கலைகள் மன்றத்திலிருந்து வந்தது. மாநகரசபையின் காசைக் கலைஞர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் அமைப்பு அது. 1974 இல் தொடங்கினார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை நகரசபை உறுப்பினர்கள் முடிவு செய்வதில்லை. கலைஞர்களே நடுவர்களாக இருந்து பார்ப்பார்கள். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள் இருக்கின்றன. அந்தக் கிளைகளுக்குக் கலைஞர்களை அனுப்பவென்று நூலகத்தோடு சேர்ந்து மன்றம் ஒரு திட்டம் நடத்தியது. கலைக்கான காசெல்லாம் நகர மையத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்ற குறை இங்கே பழையது. ஸ்காபரோவில் இருப்பது இந்த ஓர் இடத்திலாவது பலமாகிறது.

படிவத்தைத் திறக்க முன், கிளைக்குப் போய், நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் நூலகரோடு கதைத்தேன். அவர் என் கலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நிலத்தில் கம்பளம், பசை கொட்டினால் என்ன செய்வீர்கள்? ஈரப் பாவைகளை அடுத்த கிழமை வரை எங்கே காயவைப்பது? சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் இருப்பார்களே, யாரை எதிர்பார்க்கிறீர்கள்? இந்தக் கேள்விகளுக்கான பதில்கள்தான் பிறகு என் விண்ணப்பமாகின. நாளைப் புதன் பின்னேரத்துக்கு மாற்றினேன். பள்ளி விட்டதும் நேரே நூலகத்துக்கு வந்து, பெற்றோர் வேலையால் வரும்வரை காத்திருக்கும் பிள்ளைகள் அங்கே எப்போதும் இருப்பார்கள். அவர்களைப் பற்றி நிறைய எழுதினேன். என் பெருமையை ஒரு பந்தியோடு முடித்துக்கொண்டேன். மாதிரி வீடியோவிலும் மேடைக் காட்சியை விட்டுவிட்டு, சின்னக் கைகள் கடதாசி கிழித்து ஒட்டுகிற ஒரு துண்டைப் போட்டேன்.

வரவு செலவுத் திட்டம்தான் நேரத்தைத் தின்றது. எங்கள் கலைஞர்கள் பலர் இந்த இடத்தில்தான் தங்களுக்குத் தாங்களே அநியாயம் செய்கிறார்கள். கடதாசி, நிறம், தூரிகை எல்லாம் சதம் வரைக்கும் எழுதி, கலைஞர் ஊதியம் என்ற இடத்தில் சுழியம் போடுவார்கள். அதைத் தாராள மனம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வேலையின் கணக்குத் தெரியாத ஆள் என்றுதான் தோன்றும். நான் அறைக்குள் நிற்கும் நேரம், வீட்டில் கூழ் காய்ச்சும் நேரம், அறிக்கை எழுதும் நேரம் மூன்றுக்கும் காசு கேட்டேன். கட்டண அளவுக்குக் காண்பியக் கலைஞர்களின் அமைப்பான கார்ஃபாக் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் பட்டியலைப் பார்த்தேன். உதவிக்கு வந்த இளம் பெண்ணுக்கும் சம்பளம் போட்டேன். நூலகம் தரும் அறையையும் விளம்பரத்தையும் காசாக வராத பொருளுதவி என்று வரவிலும் செலவிலும் காட்டினேன். இரண்டு பக்கமும் சமப்பட வேண்டும். பயணச் செலவு சிறிதுதான், ஏனென்றால் நகரப் பேருந்துகளை ஓட்டும் ரீரீசியில் பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். சிற்றுண்டிக்கு ஒரு தொகை வைத்தேன். பின்னேரம் நான்கு மணிப் பசி சும்மா விடாது.

கடிதம் வந்தது, சந்தோசம். கையோடு பொலிஸ் சரிபார்ப்பும் வந்தது. பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு உரிய ஆழமான வகை அது. கிழமைக்கணக்கில் இழுபடலாம், தொடங்கும் திகதியைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

பட்டறையை முன்பதிவு இல்லாமல் நடத்தினோம். ஒரு புதன் அறை நிரம்பி வழியும், அடுத்த புதன் பனி கொட்டி நாலு பேர் வருவார்கள். அதனால் ஒவ்வொரு வகுப்பும் தனியே நிற்கும்படி மாற்றினேன். போன கிழமை வராத பிள்ளையும் உடனே ஒரு தலையை எடுத்து வேலையைத் தொடங்கலாம். காயவைக்கும் பிரச்சினைக்கு நூலகரே வழி சொன்னார். புத்தகம் தள்ளும் வண்டி ஒன்றைத் தந்தார். மூன்று தட்டிலும் மூக்கு ஒட்டாத தலைகளை அடுக்கி, ஊழியர் அறைக்குள் தள்ளிவிட்டுப் போவோம். பேரனைக் கூட்டிவந்த ஜமேக்கப் பாட்டி ஒருவர் முதலில் கதிரையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அவர்கள் ஊர்க் கதைகளில் வரும் தந்திரக்காரச் சிலந்தி அனான்சிக்கு எட்டுக் கால்களையும் தானே முறுக்கி ஒட்டினார். பேரன் அதற்குள் கணினிப் பக்கம் போய்விட்டான்.

முடிவறிக்கைக்கு வருகைக் கணக்கு, படங்கள், செலவு விபரம் எல்லாம் வேண்டும். படத்துக்குப் பெற்றோர் கையொப்பத்தை முதல் நாளே வாங்கிவிடுங்கள். மானியத்துக்கு ரி4ஏ என்ற வருமானச் சீட்டு வரும், வரிக்குக் காட்ட வேண்டும், பற்றுச்சீட்டு எதையும் எறியாதீர்கள்.

நூலகத் திட்டம் திறந்திராத காலத்தில் ஒன்ராறியோ கலைகள் மன்றத்தையும் பாருங்கள். சமூகத்தோடு சேர்ந்து செய்யும் கலைக்கு அங்கும் மானியம் உண்டு, விண்ணப்பம் நோவா என்ற இணைய வாசல் வழியாகப் போகும். எங்கே போட்டாலும் கடைசித் திகதிக்கு வெகு முன்பே திட்ட அலுவலருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். கேட்டால் சொல்லத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.